ஃபார்மட் பண்ணிட்டேனே தம்பி

அந்தப் பையன் கடைக்கு வந்தபோது மாலை ஆறு மணி இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கலர் பிரின்ட் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்த நேரம். "கூட்டம் போவட்டும்க்கா, அப்புறம் பேசுறேன்" என்று ஓரமாக நின்றான். எட்டு மாதத்துக்கு முன்னால், 2022-ல், என்னிடம் 7,500 ரூபாய்க்குப் பழைய லேப்டாப் வாங்கிக்கொண்டு போனவன். ஏதோ ரிப்பேர், பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறான் என்று மனசுக்குள் பதிலைத் தயார் செய்துகொண்டே பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன்.

கூட்டம் கலைந்ததும் ஒரு பென் டிரைவை நீட்டினான். "நீங்களே போட்டுப் பாருங்கக்கா."

உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். அதில் ஆயிரத்துக்கு மேல் படங்கள். எதற்கும் பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும் அதன் பின்னால் நீளமான ஓர் எண்ணும் மட்டும். முதலில் திறந்த படத்தில் காசிமேட்டில் மீன் விற்கும் ஆயாவின் ஆதார் அட்டை. பெரிய பொட்டு, கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்ட முகம். அடுத்தது யாரோ ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. மூக்கு வரைக்கும் முகம், அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அப்புறம் பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், ஒரு டிசி, வாடகை ஒப்பந்தம், இரண்டு பேரின் பான் கார்டு. எல்லாம் என் கடை ஸ்கேனரில் எடுத்தவை. கண்ணாடியின் இடது மூலையில் இருக்கும் கீறல் ஒவ்வொரு படத்திலும் கோடாக விழுந்திருந்தது.

"இதெல்லாம் ஏதுப்பா?"

"உங்க லேப்டாப்லதான்க்கா இருந்துச்சு."

"ஃபார்மட் பண்ணிட்டேனே தம்பி!"

நடந்தது இதுதான். அவனுடைய காலேஜ் ப்ராஜெக்டைத் தெரியாமல் அழித்துவிட்டிருக்கிறான். கொருக்குப்பேட்டையில் இருக்கும் நண்பன் ஒருவன் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளைப் போட்டுத் தேடியிருக்கிறான். இலவசமாகக் கிடைப்பது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ப்ராஜெக்ட் கிடைத்ததோ இல்லையோ, தண்டையார்பேட்டையில் பாதித் தெருவின் காகிதங்கள் வெளியே வந்துவிட்டன. நல்ல பையன், நேராக என்னிடம் வந்துவிட்டான். வேறு யாராவதாக இருந்திருந்தால் என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

12 வருடமாக ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, வருமானச் சான்று, சாதிச் சான்று, தேர்வு விண்ணப்பம், பிஎஃப் பணம், கரன்ட் பில் எல்லாம் என் மேஜையில்தான் நடக்கிறது. எல்லோரும் வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். அது டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். என் சொந்த விஷயம் என்று அந்த லேப்டாப்பில் இருந்தது பிள்ளையின் பிறந்தநாள் போட்டோ பத்து இருக்கும். மற்றதெல்லாம் ஊர்க்காரர்களுடையது. விற்கும்போது "என்னுடையது என்ன பெரிதாக இருக்கிறது" என்று நான் நினைத்ததுதான் தப்பு.

விற்பதற்கு முன்னால் நான் சும்மா இருந்துவிடவில்லை. எல்லா ஃபோல்டரையும் டெலிட் செய்தேன், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தேன், பிறகு தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து விண்டோஸை மறுபடி போட்டு வாங்கினேன். அவரும் ஃபார்மட் பண்ணித்தான் போட்டார். குயிக் ஃபார்மட். இரண்டே நிமிடத்தில் முடிந்தது. 500 ஜிபி டிஸ்க்கை இரண்டு நிமிடத்தில் எப்படித் துடைக்க முடியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

என் அண்ணன் மகன் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் இருக்கிறான். மறுநாளே வந்தான். அவன் சொன்ன விதத்தில் எனக்குச் சட்டென்று புரிந்தது. "அத்தை, வாக்காளர் பட்டியல்ல பேரை அடிச்சுட்டா ஆள் வீட்டைக் காலி பண்ணிடுவாங்களா? அதுதான் டெலிட்." எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று டிஸ்க்கில் ஒரு பட்டியல் உண்டு. டெலிட் செய்தால் பட்டியலில் அந்த வரியை மட்டும் கணினி அடித்துவிடும். குயிக் ஃபார்மட் செய்தால் பட்டியலையே புதிதாகத் தொடங்கும். ஆட்கள் அவரவர் வீட்டிலேயே இருப்பார்கள், அந்த இடத்தில் வேறு ஃபைல் வந்து குடியேறும் வரை. அதனால்தான் பெயர் இல்லாமல் எண்ணாக வந்தது, பாதி முகம் மட்டும் வந்தது. முகத்தின் கீழ்ப்பாதி இருந்த இடத்தில் பையனுடைய ஏதோ ஒன்று குடியேறியிருந்தது.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவனே இன்னொரு கதையும் சொன்னான். அமெரிக்காவில் எம்ஐடி மாணவர்கள் இரண்டு பேர் 2000-க்கும் 2002-க்கும் நடுவில் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிப் பார்த்தார்களாம். வேலை செய்தவை 129. அதில் ஒழுங்காகத் துடைத்திருந்தது வெறும் 12. ஐயாயிரத்துக்கு மேல் கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. 2003-ல் கட்டுரையாகவே எழுதினார்கள். ஆறுதலாகச் சொன்னான், எனக்கு ஆறுதலாக இல்லை.

முதல் வேலையாகப் பையனிடம் பேசி லேப்டாப்பை ஒரு நாள் கடன் வாங்கினேன். அந்தப் பென் டிரைவையும் வாங்கி வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். டெலிட் செய்து திருப்பிக் கொடுக்கிறேன் என்றுதான் முதலில் வாய் வந்தது. டெலிட்டின் லட்சணம் தெரிந்த பிறகு அதை எப்படிச் சொல்வது? கொருக்குப்பேட்டை நண்பனின் கணினியிலும் ஒரு பிரதி இருந்தது. அவன் வீட்டுக்கே போய், அவன் அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, அதை அழிக்க வைத்தோம்.

லேப்டாப்பைத் துடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு. தனியாக எதுவும் விலைக்கு வாங்கவில்லை. விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவ் ஒன்று போதும், 8 ஜிபிக்குக் குறையாமல். அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பி, முதல் திரை வந்ததும் ஷிஃப்டையும் எஃப் 10-ஐயும் சேர்த்து அழுத்தினால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கிறது. அதில் டிஸ்க்பார்ட் என்ற கட்டளை. பிறகு லிஸ்ட் டிஸ்க் என்று அடித்தால் என்னென்ன டிஸ்க் மாட்டியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும்.

இங்கேதான் நெஞ்சு ஒரு நிமிடம் நின்றது. பையனின் ஃபைல்களைக் காப்பி எடுக்க என் வெளி ஹார்ட் டிஸ்க்கை மாட்டியிருந்தோம், கழற்ற மறந்துவிட்டோம். பட்டியலில் மூன்று இருந்தன. 14 ஜிபி என்றது பென் டிரைவ். 465 ஜிபி என்றது லேப்டாப்பின் டிஸ்க்; 500 என்று விற்பதை விண்டோஸ் அப்படித்தான் காட்டும். 931 ஜிபி என்றது என் பத்து வருடக் கணக்கும் சேர்ந்திருக்கும் பேக்கப். டிஸ்க் எண்ணில் ஒன்று மாற்றி அடித்திருந்தால் அதுவும் போயிருக்கும். அண்ணன் மகன் ஒன்றும் பேசாமல் ஒயரைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தான். துடைக்கும் வேலை தொடங்கும் முன் மற்றதையெல்லாம் கழற்றிவிடுங்கள். தலை எழுத்தே அந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது.

டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்த பிறகு கடைசிக் கட்டளை கிளீன் ஆல். வெறும் கிளீன் என்று மட்டும் அடித்தால் டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறது என்ற பார்ட்டிஷன் விவரம்தான் போகும், அது குயிக் ஃபார்மட்டின் தம்பி. ஆல் சேர்ந்தால்தான் டிஸ்க்கின் முதல் அங்குலத்திலிருந்து கடைசி வரை பூஜ்யத்தை எழுதிக்கொண்டே போகும். எத்தனை சதவீதம் ஆச்சு என்றெல்லாம் காட்டாது. கோடு ஒன்று மின்னிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். தொங்கிவிட்டதோ என்று பயந்து நடுவில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டாம். அந்த லேப்டாப் பேட்டரி அரை மணிகூடத் தாங்காது, அதனால் சார்ஜரை யுபிஎஸ்ஸில் மாட்டினேன். எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. பிரியாணி வாங்கி வந்து சாப்பிட்டு முடித்தும் கோடு மின்னிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் ஃபோட்டோரெக்கை நாங்களே ஓட்டிப் பார்த்தோம். ஒன்றுமே இல்லை. இந்தச் சோதனையை விடாதீர்கள். துடைத்துவிட்டேன் என்று நானும்தான் அன்றைக்கு நம்பினேன்.

இப்படி ஏழு முறை, முப்பத்தைந்து முறை எழுதினால்தான் போகும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 35 என்ற எண் கணினி விஞ்ஞானி பீட்டர் குட்மன் 1996-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் காலத்து டிஸ்க் வகைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. இன்றைய டிஸ்க்குக்கு அது அர்த்தமில்லாதது என்று அவரே பின்னால் குறிப்பு சேர்த்துவிட்டார். சுற்றும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு முறை முழுசாக எழுதினால் போதும். மூன்று நாள் லேப்டாப்பை ஓடவிட்டு ஃபேனைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தரையில் இருந்த டெஸ்க்டாப் போய்விட்டது. இன்னொரு லேப்டாப்பும் மேஜையோடு சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. சேறு வழித்த கையோடு எல்லாவற்றையும் காயலாங்கடைக்குத் தள்ளிவிடலாம் என்றார் வீட்டுக்காரர். டிஸ்க்குகளை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். தண்ணீரில் ஊறினால் மோட்டாரும் சர்க்யூட்டும்தான் சாகும். தகவல் இருக்கும் வட்டத் தகடு பெரும்பாலும் அப்படியே இருக்கும், செலவு செய்யத் தயாராக இருப்பவர் எடுத்துவிடலாம்.

ஓடாத டிஸ்க்கைத் துடைக்க வழி இல்லை, உடைக்கத்தான் வேண்டும். டெஸ்க்டாப் டிஸ்க்கின் தகடு பெரும்பாலும் அலுமினியம், டிரில்லிங் மெஷினில் நாலு ஓட்டை போட்டோம். லேப்டாப் டிஸ்க்கின் சின்னத் தகடும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து மூடியைத் திறந்து சுத்தியலால் ஓங்கி அடித்தேன். அது கண்ணாடி! முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது ஒரே அடியில் சுக்குநூறாகித் தெறித்தது. புருவத்துக்கு மேலே ஒரு சில்லு கீறிவிட்டது. மூடியைத் திறக்காமல், துணி சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடித்திருக்க வேண்டும்.

இவ்வளவு பாடம் படித்தாயிற்று, இனி என்ன என்று இருந்தபோது எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தகடு இல்லாமல் சில்லுகளிலேயே தகவலை வைக்கும் டிஸ்க், வந்து சேர்ந்தது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. கடையில் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்புக்கு விண்டோஸ் 11 ஏறாது என்றதும் புதிதாக ஒன்று வாங்கிவிட்டுப் பழையதை விற்க எடுத்தேன். அதில் 256 ஜிபி எஸ்எஸ்டி. கிளீன் ஆல் போட்டுவிடுகிறேன் என்று அண்ணன் மகனுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன். "அத்தை, கை வெச்சுடாதீங்க, வரேன்" என்றான்.

ஹார்ட் டிஸ்க் ஸ்லேட்டு மாதிரி. எழுதிய இடத்திலேயே அழித்து எழுதும். எஸ்எஸ்டி நோட்டுப் புத்தகம் மாதிரி. ஒரு பக்கத்தில் எழுதியதை மாற்றச் சொன்னால், பழைய பக்கத்தைத் தொடாமல் வேறொரு வெற்றுப் பக்கத்தில் எழுதிவிட்டு, இதுதான் அது என்று காட்டும். அதன் சில்லுகளில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். தேய்மானத்தைப் பரவலாக்க உள்ளேயே இருக்கும் கன்ட்ரோலர் இப்படி இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. நமக்குக் காட்டாத உபரி இடமும் உள்ளே உண்டு. நாம் பூஜ்யமாக எழுதித் தள்ளினாலும் அந்த மறைவான பக்கங்களில் பழையது மிஞ்சலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2011-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். தனி ஃபைலை மட்டும் மேலெழுதி அழிக்கும் முறைகள் எஸ்எஸ்டியில் எடுபடவில்லை. முழு டிஸ்க்கையும் இரண்டு முறை மேலெழுதினால் பெரும்பாலும் போனது, எல்லா முறையும் இல்லை.

அதனால் எஸ்எஸ்டியிடம் "நீயே உன்னை அழித்துக்கொள்" என்று சொல்ல வேண்டும். அதற்கான கட்டளை உள்ளேயே இருக்கிறது, செக்யூர் எரேஸ் என்பார்கள். சில லேப்டாப்களில், விண்டோஸ் தொடங்கும் முன்னால் திறக்கும் பயாஸ் மெனுவிலேயே அந்த வசதி வருகிறது, முதலில் அங்கே பாருங்கள். எஸ்எஸ்டி கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் இலவசமாகக் கொடுக்கும் மென்பொருளிலும் இருக்கும். என்னுடையதில் பயாஸில் இல்லை. என்னுடையது என்விஎம்இ என்ற புது வகை எஸ்எஸ்டி. அண்ணன் மகன், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் போட்ட பென் டிரைவிலிருந்து கிளப்பி, என்விஎம்இ ஃபார்மட் என்ற கட்டளையை, தகவலையும் அழி என்ற தேர்வோடு சேர்த்துக் கொடுத்தான். பெயர்தான் ஃபார்மட், இது டிஸ்க் தன்னைத்தானே துடைத்துக்கொள்வது. அந்தத் தேர்வைச் சேர்க்காமல் விட்டால் அழிந்ததற்கு உத்தரவாதம் கிடையாது.

சில நொடிகள். அவ்வளவுதான். நான் சேர் இழுத்துப் போட்டு உட்காரக்கூட இல்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அத்தை."

நம்பவில்லை. ஃபோட்டோரெக் ஓட்டச் சொன்னேன். சுத்தமாக இருந்தது. பழைய டிஸ்க்குக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்த கை, இதற்குச் சும்மா இருக்க முடியாமல் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் பழைய சாட்டா வகை எஸ்எஸ்டியில் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் ஃப்ரோஸன் என்று மறுக்குமாம். லேப்டாப்பை ஒரு முறை தூங்கவைத்து எழுப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கட்டளை எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு விண்டோஸிலேயே ரீசெட் திஸ் பிசி இருக்கிறது. ரிமூவ் எவரிதிங் என்று கொடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சேஞ்ச் செட்டிங்ஸ் உள்ளே போனால் கிளீன் டேட்டா என்று ஒன்று இருக்கும், அது அணைந்தே கிடக்கும். அதைப் போட வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு இது போதும். அரசாங்கத் தரத்துக்கு இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. ஊர் ஆதாரை வைத்திருப்பவள் என்பதால் நான் அதோடு நிற்கவில்லை. ஆப்பிளின் மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. எம் 1 முதலான சிப் உள்ளவற்றில் தகவல் எப்போதும் பூட்டிய நிலையில்தான் இருக்கும். எல்லாவற்றையும் அழி என்றால் சாவியைத் தூக்கிப் போட்டுவிடும், சாவி இல்லாமல் பூட்டியது குப்பை. புது லேப்டாப்பில் முதல் நாளே இந்த மாதிரித் தகவலைப் பூட்டிவைக்கும் என்கிரிப்ஷனைப் போட்டுவிட்டேன். அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன்.

துடைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதில் நான் தடுக்கி விழுந்தது டாலி என்ற கணக்கு மென்பொருளில். லைசென்ஸை அந்த லேப்டாப்பிலிருந்து சரண்டர் செய்யாமல் அழித்துவிட்டு, புதியதில் ஏற்ற இரண்டு நாள் போனில் தொங்கினேன். வாட்ஸாப் வெப்பை மட்டும் போனிலிருந்தே லிங்க்டு டிவைசஸில் போய் வெளியேற்றிவிடலாம். விண்டோஸ் லைசென்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். கம்பெனி விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் அதன் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே இருக்கும், துடைத்த பிறகு அதே பதிப்பை மறுபடி போட்டால் தானாக ஏற்றுக்கொள்ளும். வாங்குகிறவருக்கும் விண்டோஸ் திறந்து காட்டினால்தான் விலை படியும்.

மீன் விற்கும் ஆயாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். மனசு கேட்கவில்லை. கூடையை இறக்கி வைத்துக் கேட்டுவிட்டு, "என் படத்த எடுத்துன்னு போய் இன்னா பண்ணப் போறான், மீனு விப்பானா?" என்று சிரித்தது. ஆனால் அடுத்த முறை ஆதார் பிரதி எடுக்க வந்தபோது, "அழிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனது. இப்போது முடிந்த இடத்திலெல்லாம் முதல் எட்டு எண் மறைத்த ஆதாரைத்தான் இறக்கிக் கொடுக்கிறேன். வேலை முடிந்த ஃபைலைக் கடை சாத்தும் முன் அழித்துவிடுகிறேன்.

போன வாரம் ஜெராக்ஸ் மெஷின் பேப்பரைச் சிக்கவைத்தது என்று சர்வீஸ்காரர் வந்தார். பிராட்வே பக்கம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெரிய மெஷின், ஸ்கேன், பிரின்ட் எல்லாம் செய்யும். அவர் பின்பக்கத்தைத் திறந்து வைத்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். ஓரத்தில், நான் சுத்தியலால் அடித்ததைப் போலவே ஒன்று.

"அது இன்னாண்ணா?"

"ஹார்ட் டிஸ்க்கும்மா. ஸ்கேன் பண்றது முதல்ல அதுல உக்காந்துட்டுத்தான் பிரின்டுக்குப் போவும்."

நான் வாங்கும்போதே அந்த மெஷின் மீட்டரில் மூன்று லட்சத்துச் சொச்சம் காப்பி ஓடியிருந்தது. எந்த ஆபீஸில் இருந்ததோ, யார் யார் காகிதமோ. அழிக்கும் மெனு இருக்கிறதா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் மகனையும்.